போர்ஷே 996: மலிவாய்க் கிடைத்த சொகுசுக் காரின் விலை உயர்ந்த வரலாறு

முன்னுரை

"யானையைக் கட்டித் தீனி போட்ட மாதிரி" என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். யானையை வாங்குவது பெரிய காரியம் இல்லை, நாள்தோறும் அதற்குத் தீனி போடுவதுதான் பெரிய காரியம் என்பது இதன் பொருள். இந்தப் பழமொழி பழைய சொகுசு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு அப்படியே பொருந்தும். புதிதாக வாங்கும்போது பெரும் பணக்காரர்களால் மட்டுமே தொட முடிந்த கார், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு சாதாரண புதுக் காரின் விலைக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அதன் உதிரி பாகங்களின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் இறங்குவதில்லை!

இதற்கு நல்ல எடுத்துக்காட்டாக நிற்பது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1997 முதல் விற்ற "996" என்ற 911 கார். அதனுடன் பிறந்த "பாக்ஸ்டர்" காரையும் சேர்த்தே பேச வேண்டும். சாவின் விளிம்பில் இருந்த ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றிய கார்கள் இவை. அதே கார்கள்தான் பின்னாளில் அவற்றைப் பழைய காராக வாங்கிய பலரின் சேமிப்பை ஒரே நாளில் விழுங்கின. இரண்டும் எப்படி உண்மையாயின? அந்த வரலாற்றை இங்கே காணலாம்.

காற்றால் குளிர்ந்த காலம்

போர்ஷே 911 முதன்முதலில் 1963-ஆம் ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட் கார் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முதலில் அதற்கு இட்ட பெயர் 901. நடுவில் பூஜ்யம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் தனக்குரியவை என்று பிரான்சின் பெஜோ நிறுவனம் ஆட்சேபித்ததால் அது 911 ஆனது. எஞ்சின் காரின் பின்பக்கம் இருந்தது. ஆறு சிலிண்டர்கள், ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் மூன்று என்று எதிரும் புதிருமாகப் படுத்திருந்தன. ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது. ஒரு பெரிய விசிறி வீசும் காற்றாலும், எஞ்சினுக்குள் ஓடும் ஆயிலாலுமே அது குளிர்ந்தது. அந்த ஆயில் எஞ்சினுக்கு வெளியே தனித் தொட்டியில் இருந்தது.

இந்த அமைப்பு செலவு பிடித்த ஒன்று. ஆனால் உழைப்பில் அதற்கு நல்ல பெயர். முறையாகப் பராமரித்தால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் எஞ்சின் என்று உலகெங்கும் அது அறியப்பட்டது. "போர்ஷே என்றால் உழைக்கும்" என்ற நம்பிக்கை முப்பது ஆண்டுகளில் மெல்ல மெல்ல உருவானது. பழைய போர்ஷேயை வாங்குபவர்கள் அந்த நம்பிக்கைக்கும் சேர்த்தே பணம் கொடுத்தார்கள் எனலாம். 996 காரின் கதையைப் புரிந்துகொள்ள இந்த நம்பிக்கையை மனதில் வைத்துக்கொள்வது அவசியம்.

பள்ளத்தில் விழுந்த நிறுவனம்

1980-களின் நடுவில் போர்ஷே மிக நன்றாக வாழ்ந்தது. 1986 வாக்கில் ஆண்டுக்கு 50,000 கார்களுக்கு மேல் விற்றது. அதில் ஏறத்தாழ 30,000 கார்கள் அமெரிக்காவில் மட்டும் விற்றவை. அப்போது டாலரின் மதிப்பு உயர்ந்திருந்ததால் ஜெர்மன் கார்கள் அமெரிக்கர்களுக்கு மலிவாகத் தெரிந்தன. ஒரே சந்தையையும் ஒரே நாணயத்தையும் இந்த அளவுக்கு நம்பியிருந்ததுதான் ஆபத்தாக முடிந்தது.

டாலர் சரிந்தது. 1987 அக்டோபரில் பங்குச்சந்தை வீழ்ந்தது. போர்ஷே கார்களின் அமெரிக்க விலை ஏறிக்கொண்டே போக, வாங்குவோர் குறைந்துகொண்டே போனார்கள். 1993-ல் அமெரிக்காவில் விற்ற போர்ஷே கார்கள் 4,000-க்கும் குறைவு! ஏழே ஆண்டுகளில் எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிய விற்பனை அது. 1992-93 நிதியாண்டில் நிறுவனம் சுமார் 24 கோடி ஜெர்மன் மார்க் நட்டம் காட்டியது. வேறு பெரிய நிறுவனம் ஒன்று போர்ஷேயை விழுங்கிவிடும் என்ற பேச்சு அப்போது எங்கும் இருந்தது.

பிரச்சினை விற்பனையில் மட்டும் இல்லை. 911, 928, 968 என்று மூன்று வகைக் கார்களை அந்தச் சிறிய நிறுவனம் செய்துவந்தது. ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. ஒவ்வொன்றுக்கும் தனி எஞ்சின், தனி உடல், தனி அச்சுகள். கைவேலை மிகுந்த தொழிற்சாலையில் ஒரு காரைச் செய்து முடிக்க ஆகும் நேரமும் மிக அதிகம். விற்றால்கூட லாபம் நிற்காத நிலை அது.

ஜப்பானிலிருந்து வந்த ஆசிரியர்கள்

1991-ல் உற்பத்திப் பிரிவின் தலைவராக வெண்டலின் வீடெகிங் என்ற பொறியாளர் பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பும் அவரிடம் வந்தது. அப்போது அவருக்கு நாற்பது வயதுதான். டொயோட்டாவில் பணியாற்றி அனுபவம் பெற்ற ஜப்பானியப் பொறியாளர்கள் நடத்திய "ஷின்-கிஜுட்சு" என்ற ஆலோசனை நிறுவனத்தை அவர் ஸ்டட்கார்ட்டுக்கு அழைத்தார். ஜெர்மானியப் பொறியியலின் பெருமையாகக் கருதப்பட்ட தொழிற்சாலைக்கு ஜப்பானியர் வந்து பாடம் நடத்துவது பல தொழிலாளர்களுக்குக் கசப்பாகத்தான் இருந்தது.

வந்தவர்கள் முதலில் கண்டது உயர்ந்த அலமாரிகளை. எஞ்சின் பிரிவில் உதிரி பாகங்கள் ஆள் உயரத்துக்கும் மேலே அடுக்கப்பட்டிருந்தன. தொழிலாளர்கள் அவற்றில் ஏறி இறங்கிப் பாகங்களைத் தேடுவதிலேயே நேரம் கழிந்தது. வீடெகிங் தம் கையாலேயே ரம்பத்தை எடுத்து அந்த அலமாரிகளைப் பாதி உயரத்துக்கு அறுத்துத் தள்ளினார் என்பது தொழில் நிர்வாக நூல்களில் இடம்பெற்ற நிகழ்ச்சி. தேவையான பாகம், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் வர வேண்டும் என்ற டொயோட்டா முறை அங்கே நடைமுறைக்கு வந்தது. வேலை நேரம் குறைந்தது. இருப்பு குறைந்தது. தவறுகளும் குறைந்தன.

ஆனால் தொழிற்சாலையைச் சீர்செய்தால் மட்டும் போதாது. செய்யப்படும் காரே குறைந்த செலவில் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தத் தேவையில் பிறந்தவைதான் பாக்ஸ்டரும் 996-ம்.

ஒரே முகம், இரண்டு கார்கள்

1993 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் பாக்ஸ்டரின் மாதிரி வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. கூரை திறக்கும் இரண்டு இருக்கைக் கார் அது. எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், காரின் நடுப்பகுதியில் இருந்தது. 1996-ல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் புதிய 911, அதாவது 996, அறிமுகமானது.

இரண்டு கார்களையும் முன்னால் நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. முன்பக்க உடல், கதவுகள், விளக்குகள், உள்ளே இருந்த பல பாகங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒன்றே. மிக அதிக விலை கொடுத்து 911 வாங்கியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அந்த முன்விளக்குகளைப் "பொரித்த முட்டை" என்று கேலி செய்தார்கள். ஆனால் ஒரே அச்சில் இரண்டு கார்களைச் செய்ததால்தான் நிறுவனத்தின் கையில் காசு நின்றது.

இந்த இரண்டு கார்களுக்கும் ஒரே குடும்பத்து எஞ்சின் பொருத்தப்பட்டது. அதன் பெயர் எம்96. பாக்ஸ்டரில் 2.5 லிட்டர், 204 குதிரைத்திறன். 996 கரேராவில் 3.4 லிட்டர், 300 குதிரைத்திறன். போர்ஷே 911 வரலாற்றில் முதன்முறையாகத் தண்ணீரால் குளிரும் எஞ்சின் வந்தது. புகை, இரைச்சல் பற்றிய சட்டங்கள் இறுகிக்கொண்டே வந்தன. சிலிண்டருக்கு நான்கு வால்வுகள் வைத்தால் எரிபொருள் நன்றாக எரியும், ஆனால் அந்தத் தலைப்பகுதியைக் காற்றால் மட்டும் குளிர்விப்பது கடினம். எனவே தண்ணீருக்கு மாறியது தவிர்க்க முடியாத முடிவு. கடைசிக் காற்றுக்குளிர் 911 தொழிற்சாலையை விட்டு 1998-ல் வெளியேறியது.

விற்பனை நினைத்ததற்கும் மேலாக உயர்ந்தது. தொழிற்சாலையில் இடம் போதாமல் பாக்ஸ்டர் கார்களில் ஒரு பகுதி பின்லாந்தில் உள்ள வால்மெட் நிறுவனத்தின் ஆலையில் செய்யப்பட்டது. 2000-ஆம் ஆண்டு வாக்கில் போர்ஷே மீண்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 கார்களை விற்றது. 996 வரிசையில் மட்டும் சுமார் 1,75,000 கார்கள் செய்யப்பட்டன. உலகிலேயே லாபம் மிகுந்த கார் நிறுவனங்களில் ஒன்றாகப் போர்ஷே பேசப்பட்டது.

பிரச்சினையின் மையம்: ஒரு சிறிய பேரிங்

எந்த எஞ்சினிலும் பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் ஒன்றும், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டுகளும் இருக்கும். இரண்டும் ஒரே தாளத்தில் ஓட வேண்டும். தாளம் தப்பினால் திறந்திருக்கும் வால்வில் பிஸ்டன் போய் இடிக்கும். எம்96 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கீழே ஓர் இடைத்தண்டு வைக்கப்பட்டது. கிராங்க் ஷாஃப்ட் முதலில் இந்த இடைத்தண்டைச் சுழற்றும். அங்கிருந்து செயின்கள் கேம் ஷாஃப்ட்டுகளுக்குப் போகும். ஒரு பக்கத்துச் செயின் எஞ்சினின் முன்முனையிலிருந்தும், மறுபக்கத்துச் செயின் பின்முனையிலிருந்தும் போயின. செலவைக் குறைக்க உதவிய ஏற்பாடு இது.

இடைத்தண்டு என்பது போர்ஷேக்குப் புதிதல்ல. பழைய காற்றுக்குளிர் எஞ்சின்களிலும் அது இருந்தது. ஆனால் அங்கே அது சாதாரண வழுக்கு பேரிங்குகளில் சுழன்றது. அழுத்தத்துடன் வரும் எஞ்சின் ஆயில் எப்போதும் அவற்றை நனைத்துக்கொண்டிருந்தது. எம்96-ல் தண்டின் ஒரு முனை அதே பழைய முறையில் ஆயில் பம்ப் பக்கம் தாங்கப்பட்டது. மறுமுனையில், அதாவது கிளட்ச் பக்கத்தில், கிரீஸ் வைத்து மூடிய சீல் பந்து பேரிங் ஒன்று பொருத்தப்பட்டது. சிறிய மின் மோட்டார்களில் காணப்படும் பேரிங்கைப் போன்ற ஒன்று, ஐந்து சென்டிமீட்டர் விட்டம்கூட இருக்காது. அதற்குத் தனியாக ஆயில் பாதை துளைக்க வேண்டியதில்லை. பொருத்துவதும் எளிது.

இந்த பேரிங் இருந்த இடம்தான் வினையாயிற்று. எஞ்சினின் அடிப்பகுதியில், சூடான ஆயிலின் நடுவே அது இருந்தது. காலப்போக்கில் வெப்பத்தால் சீல் இறுகித் தளர்ந்தது. ஆயில் மெல்ல உள்ளே கசிந்து கிரீஸைக் கழுவிச் சென்றது. கசிந்த ஆயிலோ உள்ளேயே தேங்கிக் கெட்டது. புது ஆயில் தாராளமாக வந்துபோக சீல் இடம் தரவில்லை. ஆக, கிரீஸும் இல்லை, நல்ல ஆயிலும் இல்லை! பந்துகள் தேய்ந்தன. சிலவற்றில் பேரிங் உடைந்து தண்டு ஆடத் தொடங்கியது. அடுத்த சில நொடிகளில் செயின் தாளம் தப்பி, வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, முழு எஞ்சினும் பாழானது.

பெரும்பாலும் முன்னறிவிப்பே இருக்காது என்பதுதான் இதில் கொடுமை. நேற்று வரை நன்றாக ஓடிய கார் இன்று நெடுஞ்சாலையில் நின்றுவிடும். சில கார்களில் மட்டும் ஆயில் ஃபில்டரில் உலோகத் துகள்கள் மின்னும், அல்லது எஞ்சின் பின்பக்கத்திலிருந்து ஒரு கரகர ஒலி கேட்கும்.

எல்லாக் கார்களிலும் ஒரே பேரிங் இல்லை. தொடக்க காலக் கார்களில் இரட்டை வரிசைப் பந்துகள் கொண்ட பேரிங் இருந்தது. 2000-த்தை ஒட்டி அது ஒற்றை வரிசையாக மாற்றப்பட்டது. 2005 வாக்கில் மேலும் பெரிய ஒற்றை வரிசை பேரிங் வந்தது. இவற்றில் நடுவில் வந்த சிறிய ஒற்றை வரிசைதான் அதிகம் கெட்டது. கெட்டவை நூற்றுக்கு எட்டு அளவில் என்றும், பழைய இரட்டை வரிசையில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றும் பின்னாளில் நடந்த வழக்கை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்பட்டது. கடைசியாக வந்த பெரிய பேரிங் அரிதாகவே கெட்டது. ஆனால் எஞ்சினை முழுவதுமாகப் பிரிக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது.

நூற்றுக்கு எட்டு என்றால் மீதி தொண்ணூற்றிரண்டு கார்கள் நன்றாக ஓடின என்றுதானே பொருள் என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு கதவுக் கைப்பிடி நூற்றுக்கு எட்டு உடைவது வேறு, ஒரு எஞ்சின் நூற்றுக்கு எட்டு உடைவது வேறு.

மற்ற கோளாறுகள்

இடைத்தண்டு பேரிங் புகழ் பெற்ற அளவுக்கு மற்றவை புகழ் பெறவில்லை. ஆனாலும் செலவு வைப்பதில் அவை குறைந்தவை அல்ல.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள ஆயில் சீல் கசிவது தொடக்கத்திலிருந்தே இருந்த புகார். நிறுவனம் அந்த சீலைப் பலமுறை மாற்றி வடிவமைத்தது. சீலின் விலை சொற்பம். ஆனால் அதைத் தொட வேண்டுமானால் கியர் பாக்ஸையும் கிளட்சையும் கழற்ற வேண்டும்.

சிலிண்டரின் உட்சுவரில் கீறல் விழுவது இன்னொன்று. பழைய எஞ்சின்களில் சிலிண்டர் சுவருக்கு நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த கடினப் பூச்சு இருந்தது. எம்96-ல் அதற்குப் பதிலாக சிலிக்கன் கலந்த அலுமினிய உறைகள் எஞ்சின் கட்டையோடு சேர்த்தே வார்க்கப்பட்டன. இதனால் செலவு குறைந்தது. ஆனால் சில எஞ்சின்களில் பிஸ்டன் உரசிச் சுவரில் கோடுகள் விழுந்தன. ஆயில் குறைந்துகொண்டே போகும், புகைக்குழாயின் ஒரு பக்கம் கரி படியும், எஞ்சினில் தட்டும் ஒலி வரும். இதற்கு எஞ்சினைப் பிரித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இவை போக, ஆயில் ஆவியைப் பிரிக்கும் கருவி கிழிந்து பின்னால் வெண்புகை மண்டுவது, தண்ணீர் பம்பின் பிளாஸ்டிக் இறகுகள் உடைவது, குளிர்நீர்த் தொட்டி வெடிப்பது, முன்பக்க ரேடியேட்டர்களில் இலை தழை அடைத்து அவை அரித்துப்போவது, பழைய பாக்ஸ்டரின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மங்கிக் கிழிவது என்று பட்டியல் நீளும். தனித்தனியே பார்த்தால் இவை எந்தக் காரிலும் வரக்கூடியவை. போர்ஷே விலையில் வருவதுதான் வேறுபாடு.

மூன்றாம் உரிமையாளரின் கணக்கு

1999 வாக்கில் அமெரிக்காவில் ஒரு புதிய 996 கரேராவின் விலை சுமார் 65,000 டாலர். பாக்ஸ்டர் வந்த புதிதில் சுமார் 40,000 டாலர். அதை வாங்கிய முதல் உரிமையாளருக்குப் பெரும்பாலான கார்களில் நான்கு ஆண்டு அல்லது 50,000 மைல் உத்தரவாதம் இருந்தது. அந்தக் காலத்தில் எஞ்சின் உடைந்தால் நிறுவனமே புது எஞ்சின் வைத்துக் கொடுத்தது. எனவே முதல் உரிமையாளருக்கு இந்தக் கோளாறு ஒரு தலைவலி மட்டுமே. அவருடைய பெரிய இழப்பு, காரின் விலை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது.

அந்தச் சரிவுதான் அடுத்தவரை உள்ளே இழுத்தது. 2010 கடந்தபோது பழைய பாக்ஸ்டர் 10,000 டாலருக்கும் கீழே கிடைத்தது. 996 கரேரா 20,000 டாலருக்கும் கீழே இறங்கியது. புதிதாக ஒரு ஜப்பானிய நடுத்தரக் கார் வாங்கும் பணத்தில் ஒரு போர்ஷே! சிறுவயதிலிருந்து சுவரில் ஒட்டிய படமாக மட்டுமே அதைப் பார்த்திருந்த ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் இளம் பொறியாளர்களும் அதை வாங்கத் தொடங்கினார்கள். இவர்கள்தான் இரண்டாம், மூன்றாம் உரிமையாளர்கள்.

இவர்களின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர் 10,000 டாலருக்கு பாக்ஸ்டர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேரிங்கை முன்கூட்டியே மாற்ற கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றிய கையோடு கிளட்சையும் பின்முனை சீலையும் மாற்றிவிடுவதே புத்திசாலித்தனம். எல்லாம் சேர்ந்து 2,000 முதல் 3,000 டாலர் ஆகிறது. அதாவது காரின் விலையில் கால் பங்கு, கெடாத ஒரு பாகத்துக்காக! அதைச் செய்யாமல் விட்டு பேரிங் உடைந்தால் வேறு எஞ்சின் வைக்க 10,000 டாலருக்கு மேல் ஆகும். நல்ல பட்டறையில் முழுவதும் புதுப்பித்த எஞ்சின் என்றால் 20,000 டாலரையும் தாண்டும். காரின் விலையைவிட எஞ்சினின் விலை அதிகம். அதனால் எஞ்சின் உடைந்த பல கார்கள் பிரிக்கப்பட்டு உதிரி பாகங்களாக விற்கப்பட்டன.

ஒரு காரின் சந்தை விலை அதன் வயதைப் பார்த்துக் குறைகிறது. அதன் பராமரிப்புச் செலவோ அது புதிதாக இருந்தபோது என்ன காராக இருந்தது என்பதைப் பார்த்தே நிற்கிறது. 65,000 டாலர் காருக்குரிய பிரேக், டயர், ஆயில், கூலி எல்லாம் 15,000 டாலர் காருக்கும் அப்படியே வேண்டும். எஞ்சினுக்கு ஒருமுறை ஊற்றும் ஆயிலே எட்டு லிட்டருக்கு மேல். பழைய சொகுசுக் கார் வாங்கிக் கஷ்டப்பட்டவர்கள் எல்லோரும் தவறவிட்டது இந்த ஒரு கணக்கைத்தான்.

நீதிமன்றமும் சமரசமும்

உரிமையாளர்களின் புகார்கள் பெருகப் பெருக, 2011-ல் கலிபோர்னியாவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் போர்ஷேயின் அமெரிக்க நிறுவனத்தின் மீது கூட்டு வழக்கு தொடுக்கப்பட்டது. 2013-ல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. 2001 மே 4 முதல் 2005 பிப்ரவரி 21 வரை செய்யப்பட்ட கார்கள் இதில் சேர்ந்தன. முதலில் விற்ற நாளிலிருந்து 10 ஆண்டுகள் அல்லது 1,30,000 மைல், இதில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் பேரிங் உடைந்து ஏற்பட்ட செலவுக்கு இழப்பீடு கேட்கலாம் என்று முடிவானது.

இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். 2001-ல் விற்ற காருக்குப் பத்து ஆண்டு 2011-லேயே முடிந்துவிட்டது. சமரசம் வந்தபோது அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு மறுநாள் எஞ்சின் உடைந்தால் எதுவும் கிடைக்காது. 2001-க்கு முன் செய்த கார்கள் பட்டியலிலேயே இல்லை. மிகவும் மலிவாக, மிகவும் தாமதமாக வாங்கியவர்களே இழப்பைத் தாங்கும் வலிமை குறைந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் இந்த வட்டத்துக்கு வெளியேதான் நின்றார்கள்.

பட்டறைகள் கண்ட தீர்வு

நிறுவனம் கைவிட்ட இடத்தில் தனிப் பட்டறைகள் வேலையைத் தொடங்கின. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த எல்என் எஞ்சினியரிங் என்ற சிறிய நிறுவனம், எஞ்சினைப் பிரிக்காமலே பழைய பேரிங்கை இழுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தும் கருவிகளை உருவாக்கியது. புதியதில் எஃகுப் பந்துகளுக்குப் பதில் கடினமான பீங்கான் பந்துகள் இருந்தன. பின்னர் பந்துகளே இல்லாத, அழுத்தத்துடன் ஆயில் பாயும் வழுக்கு பேரிங்கும் வந்தது. முப்பது ஆண்டுகளாகப் பழைய 911-ல் இருந்த அதே முறைக்குப் பட்டறைக்காரர்கள் திரும்பிப் போனார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்னொரு பாடத்தையும் மெக்கானிக்குகள் கற்றுக்கொடுத்தார்கள். 15,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும் என்று நிறுவனம் ஒரு காலத்தில் சொல்லியிருந்தது. அவர்களோ 5,000 மைலுக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார்கள். அதிகம் ஓடாமல் கொட்டகையில் நிற்கும் கார்தான் பத்திரமானது என்ற எண்ணமும் தவறு என்றார்கள். நிற்கும் காரில் ஆயில் கெடுகிறது, ஈரம் சேர்கிறது. அடிக்கடி ஓட்டி, அடிக்கடி ஆயில் மாற்றிய கார்களே நீண்ட நாள் உழைத்தன என்பது அவர்கள் அனுபவம்.

பழைய 996 வாங்குவோரிடையே நாளடைவில் சில வழக்கங்கள் நிலைபெற்றன:

1. எஞ்சின் எண்ணையும் தயாரித்த ஆண்டையும் பார்த்து எந்த வகை பேரிங் என்று அறிவது.
2. பேரிங் மாற்றியிருந்தால் அதற்கான ரசீதைக் கேட்பது. வாய்ச்சொல்லை நம்பாமல் இருப்பது.
3. ஆயில் ஃபில்டரை வெட்டித் திறந்து உலோகத் துகள் உள்ளதா என்று பார்ப்பது.
4. சிறு கேமராவை சிலிண்டருக்குள் விட்டுக் கீறல் உள்ளதா என்று பார்ப்பது.
5. காரின் விலையோடு நில்லாமல், முதலாண்டுச் செலவுக்கென்று தனியே பணம் ஒதுக்குவது.

அதே காலத்தின் இன்னொரு எஞ்சின்

இந்த வரலாற்றில் முக்கியமான ஒரு கிளைக்கதை உண்டு. 996 வரிசையில் டர்போ, ஜிடி3, ஜிடி2 என்ற விலை உயர்ந்த வகைகளுக்கு எம்96 எஞ்சின் வைக்கப்படவில்லை. 1998-ல் லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற ஜிடி1 காரின் வழியில் வந்த எஞ்சின் அவற்றில் இருந்தது. அதை வடிவமைத்த ஹான்ஸ் மெட்ஸ்கர் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. அதன் அடிப்படை பழைய காற்றுக்குளிர் எஞ்சின்தான். தனி ஆயில் தொட்டி, ஆயிலில் மிதக்கும் இடைத்தண்டு பேரிங்குகள் எல்லாம் அதில் இருந்தன. இந்தக் கோளாறு அதற்கு வரவில்லை. அதிலும் குறை இல்லாமல் இல்லை. பசை வைத்து ஒட்டிய குளிர்நீர்க் குழாய்கள் கழன்று வருவது அதன் நோய். ஆனாலும் அது எஞ்சினின் உயிரை வாங்கும் நோய் அல்ல.

ஆக, உறுதியான முறை எது என்பது போர்ஷேக்குத் தெரியாமல் இல்லை. அதே ஆண்டுகளில், அதே கூரையின் கீழ், அதைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அதிகம் விற்கும் காரில் அதை வைத்தால் செலவு கட்டுப்படியாகாது. இங்கேதான் நிறுவனத்தின் பிழைப்பும் வாங்குவோரின் பிழைப்பும் மோதிக்கொண்டன.

2008-ல், 2009 மாடல் கார்களுக்காகப் போர்ஷே முற்றிலும் புதிய எஞ்சினைக் கொண்டுவந்தது. அதில் இடைத்தண்டே கிடையாது. வழக்கு வருவதற்கு முன்பே பிரச்சினையின் வேர் அகற்றப்பட்டுவிட்டது. ஆனால் அதற்குள் செய்து விற்ற லட்சக்கணக்கான கார்கள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருந்தன. வீடெகிங் ஃபோக்ஸ்வாகனையே வாங்க முயன்று, அது கைகூடாமல் 2009-ல் பதவி விலகினார். 2012-ல் போர்ஷேயின் கார் தொழில் முழுவதும் ஃபோக்ஸ்வாகன் வசம் போனது.

முடிவுரை

996 மோசமான கார் என்று சொல்லிவிட முடியாது. ஓட்டுவதற்கு அது அருமையான கார் என்பதை அதைக் குறை கூறியவர்களே ஒப்புக்கொண்டார்கள். பேரிங்கை மாற்றி, கணக்குப் பார்த்துப் பராமரித்தவர்கள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேலும் அதை ஓட்டியிருக்கிறார்கள். நீண்ட காலம் ஒதுக்கப்பட்ட அந்தக் காரைத் தேடி வாங்குவோர் பின்னர் பெருகினார்கள். விலையும் ஏறியது.

அந்தக் கார் வந்திராவிட்டால் போர்ஷே தனி நிறுவனமாக 1990-களைத் தாண்டியிருக்குமா என்பதே சந்தேகம். செலவைக் குறைத்ததால்தான் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் வேலை நிலைத்தது. ஆனால் தொழிற்சாலையில் மிச்சமான செலவு முழுவதும் மறைந்துபோய்விடவில்லை. அதில் ஒரு பகுதி பத்து ஆண்டு காத்திருந்து, காரின் மூன்றாவது உரிமையாளரிடம் ரசீதாக வந்து சேர்ந்தது. அவர் அந்த முடிவை எடுத்தவரும் அல்ல, அதனால் லாபம் அடைந்தவரும் அல்ல.

எனவே பழைய சொகுசுக் காரை வாங்க நினைப்பவர் விலைச்சீட்டைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்தக் கார் எந்தக் காலத்தில், எந்த நெருக்கடியில், எதைக் குறைத்துச் செய்யப்பட்டது என்பதையும் விசாரிப்பது நல்லது. யானையின் விலையை விற்பவர் சொல்லிவிடுவார். தீனியின் விலையை வாங்குபவர்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.